வளர்ப்பு மீன் எப்படி வாழ்கிறது, எப்படிச் சாகிறது: எங்கள் பக்கத்துப் பண்ணைகளில் என்ன செய்யலாம்?

தீவகத்தான் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். மாமாவும் நானும் யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியில் பாலைமீனும் (மில்க்பிஷ்) கொஞ்சம் கொடுவாவும் வளர்க்கிறோம். பெரிய பண்ணை என்று சொல்ல முடியாது. பரவைக்கடல் (ஆழமில்லாத கடல்நீரேரி) ஓரமாக வெட்டிய சில குளங்கள், அவ்வளவுதான். குஞ்சு எங்கே வாங்குவது, என்ன தீனி போடுவது, யாரிடம் விற்பது என்று கேட்டால் சொல்லித்தர நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் கேட்க நினைப்பது வேறு. அந்த மீன் எங்கள் குளத்தில் இருக்கும் காலம் முழுவதும் எந்த நிலையில் இருக்கிறது, கடைசியில் எப்படிச் சாகிறது என்பதை யாருமே பேசுவதில்லை.

அறுவடை அன்று வலையை இழுத்துக் கரையில் கொட்டுகிறோம். கூடையில் அள்ளி ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டிக்கு மாற்றி மேலே ஐஸ் போடுகிறோம். அடியில் அகப்பட்ட மீன் நசிந்தபடி வாயைத் திறந்து மூடிக்கொண்டே கிடக்கும். கடலில் பிடிக்கும் மீனும் அப்படித்தான் சாகிறது, தெரியும். ஆனால் இது குஞ்சாக வாங்கி நாங்களே தீனி போட்டு வளர்த்த மீன். ஆடு வெட்டுகிறவர்கூட கத்தி கூராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வெட்டுவார். மீனுக்கு மட்டும் ஏன் ஒரு முறையும் இல்லை?

செலவு அதிகம் இல்லாமல், எங்களைப் போன்ற சின்னப் பண்ணையில் செய்யக்கூடியது ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். படித்தவர்கள், தொழில் செய்கிறவர்கள் எல்லோருடைய கருத்தும் வேண்டும்.

---

களங்கட்டி

தம்பி, நீர் நல்ல மனசோடுதான் கேட்கிறீர் என்று விளங்குகிறது. அதனால் நானும் மனசில் உள்ளதைச் சொல்கிறேன்.

சின்ன வயதிலிருந்து குருநகர்ப் பக்கம் பரவைக்கடலில் தொழில் செய்கிறவன் நான். 2022இல் மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளங்கள் கரையில் கிடந்த நாட்களில் எங்கள் வீடுகளில் அடுப்பு எரிந்ததா என்று யாரும் கேட்கவில்லை. இந்தியப் பக்கத்து இழுவைப் படகுகள் வந்து வலையை அறுத்துக்கொண்டு போகும்போதும் கேட்க ஆள் இல்லை. இந்த நிலையில் மீன் துடிக்கிறது என்று கவலைப்படச் சொன்னால் எங்கள் ஆட்களுக்கு மனசு வராது. மீன் என்றால் துடிக்கும். சந்தையில் துடிக்கிற மீனுக்குத்தான் விலை.

இன்னொன்று, மீனுக்கு எங்களைப் போல நோகும் என்று யார் கண்டது?

---

நெய்தல்_கரை

ஐயா, நீங்கள் கேட்ட கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். நான் நீர்வாழ் உயிரின வளர்ப்புப் படித்து இப்போது பண்ணைகளுக்குப் போய் ஆலோசனை சொல்லும் வேலையில் இருக்கிறேன். இந்தக் கேள்வியை எல்லா இடத்திலும் கேட்கிறார்கள்.

2003இல் பிரித்தானியாவில் லின் ஸ்னெடன் என்ற ஆய்வாளரும் அவரோடு சேர்ந்தவர்களும், ட்ரவுட் மீனின் முகத்தில் நோவை உணரும் நரம்பு முனைகள் இருப்பதைக் காட்டினார்கள். உதட்டில் தேனீ நஞ்சோ அசற்றிக் அமிலமோ ஏற்றப்பட்ட மீன்கள் பல மணி நேரம் தீனியைத் தொடவில்லை. தொட்டியின் அடியில் இப்படியும் அப்படியும் ஆடின. அமிலம் ஏற்றியவை உதட்டைக் கல்லில் தேய்த்தன. மோர்பின் கொடுத்தபோது இந்த நடத்தைகள் குறைந்தன. வெறும் அனிச்சைத் துடிப்பு என்றால் இத்தனை நேரம் நீடிக்காது, நோவு மருந்துக்கும் அடங்காது. எதிர்க்கருத்தும் இருக்கிறது. பிரையன் கீ என்ற அவுஸ்திரேலிய ஆய்வாளர், மனிதனுக்குள்ளது போன்ற மூளைப் புறணி இல்லாததால் மீனுக்கு நோவு தெரியாது என்று 2016இல் எழுதினார். அதற்கு மறுப்பு எழுதியவர்கள் பலர். பறவைக்கும்தான் அப்படி ஒரு புறணி இல்லை, கோழிக்கு நோகாது என்று யாராவது சொல்கிறோமா? என் மட்டில் இந்தக் கேள்வி போதிய அளவு தீர்ந்துவிட்டது. நோகும் என்று எடுத்துக்கொண்டு நடப்பதுதான் நேர்மை.

இனி தீவகத்தான் தம்பி கேட்டது. காற்றில் மூச்சுத் திணறிச் சாவது நீளமான சாவு. ஐஸ் போட்டால் கெதியாகச் செத்துவிடும் என்று நாங்கள் எல்லோரும் நினைக்கிறோம். ட்ரவுட்டில் அளந்து பார்த்திருக்கிறார்கள். தண்ணீருக்கு வெளியே 20 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 3 நிமிடத்துக்குள் மூளையின் பதில்கள் நின்றன. 2 பாகையில் அதே மீனுக்கு 9 நிமிடத்துக்கு மேல் எடுத்தது. குளிர் உடலின் வேகத்தைக் குறைக்கிறது, ஒட்சிசன் தேவையும் குறைகிறது, அதனால் சாவும் இழுபடுகிறது. ட்ரவுட் குளிர்நீர் மீன். எங்கள் வெப்பக்கடல் மீனுக்குக் கணக்கு அப்படியே பொருந்தாது, குளிர் அதைக் கெதியாக மடக்கிவிடும். ஆனால் 30 பாகைத் தண்ணீரில் இருந்த மீனைத் திடீரென்று ஐஸ் தண்ணீரில் போடுவதே அதற்குப் பெரிய அதிர்ச்சி. அசையாமல் கிடக்கிறது என்பதற்காக உணர்வு போய்விட்டது என்று சொல்ல முடியாது.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2009இல் வளர்ப்பு மீன்களைக் கொல்லும் முறைகளை இனம் இனமாக ஆராய்ந்தது. முதலில் ஒரே அடியில் உணர்வை இழக்கச் செய்வது, அதன் பிறகு இரத்தம் வடியவிட்டுக் கொல்வது என்பதுதான் நல்ல முறைகளுக்கெல்லாம் அடிப்படை. சின்னப் பண்ணைக்கு ஏற்றது தலையில் அடிக்கும் முறை. ஒரு கனமான பொல்லு (தடி) போதும்.

---

தீவகத்தான்

நன்றி அக்கா. பொல்லு என்றால் எங்கே அடிப்பது, அடி சரியாக விழுந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நூற்றுக்கணக்கில் மீன் இருக்கும்போது நடைமுறையில் முடியுமா?

---

பேர்கன்_தமிழன்

இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன். நோர்வேயில் சல்மன் ஆலையில் வேலை செய்கிறேன், ஊர் காரைநகர். எண்பதுகளில் எங்கள் ஆட்கள் வடக்கு நோர்வேயின் மீன் ஆலைகளுக்கு வேலைக்கு வந்த காலத்திலிருந்து இந்தத் தொழிலில் தமிழர் இருக்கிறார்கள். அதற்கு முன்பே நோர்வேக்காரர் எங்கள் ஊருக்கு வந்து சீநோர் என்று படகு கட்டும் தளம் போட்டது மூத்தவர்களுக்கு நினைவிருக்கும்.

இங்கே மீனைக் கொல்வதற்கு முன் உணர்விழக்கச் செய்வது சட்டம். முன்பு காபனீரொட்சைட்டு கலந்த தண்ணீரில் விடுவார்கள். மீன் அதில் பயங்கரமாக அடித்துக்கொள்ளும், அதனால் அந்த முறையைத் தடை செய்துவிட்டார்கள். இப்போது மின்சாரம் அல்லது இயந்திர அடி. மீன் நீரோடு வழுக்கி வரும், மூக்கு முட்டியதும் தலையில் அடி விழும். உடனே செவுளை வெட்டிக் குளிர்ந்த தண்ணீரில் இரத்தம் வடிய விடுவார்கள். இயந்திரத்தில் அடி தப்பிய மீனைப் பார்த்துத் திரும்ப அடிப்பதற்கென்றே ஓர் ஆள் நிற்பார். நானும் அந்த இடத்தில் நின்றிருக்கிறேன். எங்களுக்குச் சொல்லித் தந்தது இதுதான்: மீனை இரண்டு பக்கமும் மெதுவாகச் சரித்துப் பார். உணர்வு இருந்தால் உடம்பு சரியும்போது கண் நேராக நிற்கப் பார்க்கும், குழிக்குள் உருளும். உணர்வு போயிருந்தால் கண் உடம்போடு சேர்ந்து திரும்பும். செவுள் மூடி ஒழுங்காக ஏறி இறங்கினாலும் மீன் இன்னும் உணர்வோடு இருக்கிறது என்று அர்த்தம்.

கையால் செய்வதென்றால், கண்களுக்குச் சற்றுப் பின்னால் தலையின் உச்சியில் ஒரே அடி. தயங்கித் தயங்கி இரண்டு மூன்று அடி அடிப்பதுதான் கொடுமை. ஈரச் சாக்கு விரித்த பலகையில் வைத்தால் மீன் வழுக்காது, செதிலும் போகாது.

தம்பி, ஒன்று மட்டும் கட்டாயம் சொல்ல வேண்டும். மின்சாரம் பற்றி இணையத்தில் பார்த்துவிட்டு வீட்டுக் கரண்டை எடுத்துத் தொட்டியில் விட வேண்டாம். உப்புத் தண்ணீரில் அது ஆளைக் கொல்லும். அளவு பிழைத்தால் மீன் அசையாமல் கிடந்தபடி உணர்வோடு இருக்கும்.

நோர்வேயில் எல்லாம் சரி என்றும் நினைக்க வேண்டாம். கூடுகளில் ஒரு கனமீற்றருக்கு 25 கிலோவுக்கு மேல் மீன் இருக்கக்கூடாது என்று விதி உண்டு, ஆனாலும் 2023இல் மட்டும் 6 கோடிக்கு மேல் சல்மன் கடற்கூடுகளிலேயே செத்தன. நோய், மீனின் உடம்பில் ஒட்டும் கடற்பேன், அந்தப் பேனைப் போக்குவதற்காகச் சுடுநீரில் விடும் முறை, இப்படிப் பல காரணங்கள். கடைசி நிமிடத்துக்கு நல்ல சட்டம் போட்டுவிட்டு, வாழும் காலத்தைப் பெருந்தொழிலின் வேகத்துக்கு விட்டுவிட்டார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. நீங்கள் சின்னதாகத் தொடங்கும்போதே இரண்டையும் சேர்த்து யோசிப்பது நல்லது.

---

களங்கட்டி

பேர்கன் தம்பி சொல்வதில் ஒரு விசயம் எனக்கு நன்றாகத் தெரியும். விடுவலையில் பட்டு இரவு முழுக்கப் போராடிச் செத்த மீனும், எடுத்தவுடன் செத்த மீனும் ஒன்றில்லை. போராடின மீன் கெதியாக விறைத்து, கெதியாகவே தசை இளகிவிடும். மத்தியானத்துக்குள் மணம் வரும். பூ (செவுள்) சிவப்பாக இருந்தாலும் அமத்திப் பார்த்தால் விரல் பதியும். பாட்டன் காலத்திலிருந்து எங்களுக்கு இது தெரியும்.

அப்படிப் பார்த்தால் அடித்துக் கொல்வது வியாபாரத்துக்கும் நல்லது. ஆனால் ஆள்கூலி? வலை இழுக்கும் நாளில் ஆட்கள் கிடைப்பதே பாடு.

---

நெய்தல்_கரை

ஐயா சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. மீன் போராடும்போது தசையில் சேர்த்து வைத்த சக்தி தீர்ந்து, லக்டிக் அமிலம் கூடுகிறது. விறைப்பு முன்கூட்டியே வந்துவிடும். யப்பானியர் மூளையில் கூர்முனையால் குத்தி இரத்தம் வடிக்கும் முறையை மீனின் தரத்துக்காகவே பல தலைமுறையாகச் செய்துவருகிறார்கள்.

ஆள்கூலிக்கு என் யோசனை: முழுக் குளத்தையும் ஒரே நாளில் அள்ளாமல் சந்தைக்கு வேண்டிய அளவு மட்டும் பகுதி பகுதியாகப் பிடியுங்கள். மிச்ச மீன் வலைக்குள் தண்ணீரோடுதான் இருக்க வேண்டும், ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கக்கூடாது. ஒருவர் கோருவலையால் நாலைந்து மீனாக எடுத்துக் கொடுக்க, ஒருவர் அடித்துச் செவுளை வெட்ட, ஐஸ் தண்ணீர்ப் பரல் பக்கத்தில் இருக்க வேண்டும். உணர்வு போன பிறகு ஐஸ் எவ்வளவும் போடலாம். ஒரு மீன் தண்ணீருக்கு வெளியே உணர்வோடு இருப்பது சில வினாடிகள்தான். கிலோக் கணக்கில் வரும் கொடுவாவுக்கு இது இலகு. சின்னப் பாலைமீனுக்கு வேலை கூடுதல்தான், மறுக்கவில்லை. பாலைமீன் வலைக்குள் துள்ளிச் செதில் இழக்கும் சாதி, அதனால் அதற்குத்தான் இந்தப் பொறுமை கூடத் தேவை.

பிடிப்பதற்கு முந்தைய நாள் தீனியை நிறுத்துங்கள். குடல் காலியாக இருந்தால் நெருக்கத்தில் தண்ணீர் பழுதாகாது. ஒரு நாள், கூடினால் இரண்டு நாள். அதற்கு மேல் பட்டினி போடுவதற்கு நியாயம் இல்லை.

---

வடமராட்சி_வாசகி

இந்த இழையைத் தொடக்கத்திலிருந்து வாசித்துக்கொண்டு வருகிறேன். நான் மச்சம் சாப்பிடுவதில்லை. விரதத்துக்காக மட்டும் விட்டதில்லை, வேண்டாம் என்றே விட்டது. அதனால் நான் சொல்வது உங்களில் சிலருக்குப் பிடிக்காமல் போகலாம், ஆனாலும் பொறுமையாகக் கேளுங்கள்.

2022இல் உலகில் கடலிலும் குளத்திலும் பிடித்ததைவிட வளர்த்தெடுத்த நீர்வாழ் உயிரினங்களின் தொகை முதன்முறையாகக் கூடியது. 9 கோடி 44 இலட்சம் தொன் என்று ஐநாவின் உணவு விவசாய அமைப்பு சொல்கிறது. மீனைத் தொன்னில்தான் எண்ணுகிறார்கள், உயிராக எண்ணுவதில்லை. உயிராகக் கணக்கிட்டவர்கள் 2019இல் கொல்லப்பட்ட வளர்ப்பு மீன்களை 7,800 கோடி முதல் 17,100 கோடி வரை என்று மதிப்பிடுகிறார்கள். உலக மனிதத் தொகையைவிடப் பல மடங்கு, ஒரே ஆண்டில்.

பொல்லால் அடிப்பது நல்ல முறை என்று ஆகிவிட்டால், குற்ற உணர்வு போய் இன்னும் பண்ணைகள் பெருகாதா? கொடுவா மீன் தின்னும் மீன். அதை வளர்க்கக் கடலில் இருந்து எத்தனை சின்ன மீன் மாவாகிறது? அந்தச் சின்ன மீன்களின் சாவு உங்கள் கணக்கில் வருகிறதா?

---

சங்குப்பிட்டி

அக்கா கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் விட்டுவிட்டால் என்ன நடக்கும் என்று எங்கள் நாட்டிலேயே ஒருமுறை பார்த்தாயிற்று. 1990இல் அரசாங்கம் உள்நாட்டு மீன்வளர்ப்புக்குக் கொடுத்த ஆதரவை முழுதாக நிறுத்தியது. உயிர்க்கொலைக்கு அரசு துணைபோகக்கூடாது என்ற பௌத்த எதிர்ப்புத்தான் காரணம். குஞ்சு பொரிக்கும் நிலையங்கள் கைவிடப்பட்டன. 1994இல்தான் திரும்பத் தொடங்கியது. அந்த இடைவெளியில் குளங்களில் மீன்பிடி நிற்கவில்லை. கண்காணிக்க ஆள் இல்லாததால் சின்னக் கண் வலைகள்தான் கூடின. 1952இல் கொண்டுவந்த திலாப்பியா அதற்குள் எல்லாக் குளத்திலும் பெருகியிருந்தது. சாப்பிடுகிறவர்கள் சாப்பிட்டார்கள், மீனைக் கவனிக்கத்தான் யாரும் இல்லை.

நானும் இந்தப் பக்கம் குளத்து மீனோடுதான் இருக்கிறேன். வளர்ப்பு வேண்டாம் என்பவர்களும் வளர்ப்பவர்களும் ஒரே மேசையில் இருந்தால்தான் இதற்கு வழி வரும்.

---

நெய்தல்_கரை

வாசகி அக்காவின் தீனிக் கேள்விக்கு நேரான பதில்: இல்லை, அந்தக் கணக்கைப் பெரும்பாலான பண்ணைகள் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டும். பாலைமீன் குளத்தின் அடியில் வளரும் பாசிப்படையையே மேயும். திலாப்பியாவும் அப்படித்தான். ஒரு கிலோ கொடுவாவுக்குப் பின்னால் இருக்கும் சின்ன மீன்களின் சாவு பாலைமீனுக்குப் பின்னால் இல்லை. எந்த இனத்தை வளர்ப்பது என்று முடிவெடுக்கும்போதே பாதி விசயம் முடிந்துவிடுகிறது. ஏற்கெனவே கொடுவா வைத்திருப்பவருக்கு நான் அதைக் கைவிடச் சொல்ல மாட்டேன், புதிதாகத் தொடங்குபவரிடம் கட்டாயம் சொல்வேன்.

இனி, கடைசி நிமிடத்தைவிட எனக்கு அதிகக் கவலை தரும் விசயத்துக்கு வருகிறேன். தண்ணீர்.

மீன் தான் மூச்சுவிடும் தண்ணீருக்குள்ளேயே கழிவையும் விடுகிறது. கடலில் என்றால் விலகிப் போகும், குளத்தில் போக இடம் இல்லை. 30 பாகை நன்னீரில் கரையக்கூடிய ஒட்சிசன் லீற்றருக்கு ஏறக்குறைய 7.5 மில்லிகிராம். கடல்நீரில் 6ஐச் சற்றுத் தாண்டும். எங்கள் பரவைக்கடல் ஓரத்தில் கோடையில் தண்ணீர் வற்றி உப்பு ஏறும்போது அதுவும் குறையும். பாசி பகலில் ஒட்சிசன் தருகிறது, இரவில் அதே பாசி ஒட்சிசனை எடுக்கிறது. அதனால் விடியற்புறம் மூன்று மணியிலிருந்து சூரியன் ஏறும்வரைதான் மிக மோசமான நேரம். காற்று விழுந்த இரவு என்றால் இன்னும் மோசம். லீற்றருக்கு 5 மில்லிகிராமுக்குக் கீழே போனால் மீன் சிரமப்படத் தொடங்கும், 3க்குக் கீழே தீனி எடுக்காது, நோய்க்கு இலகுவாக ஆளாகும். காலையில் மீன் மேலே வந்து வாய் பிளக்கிறது என்றால் இரவு முழுக்கத் திணறியிருக்கிறது. செத்து மிதக்காதவரை பிரச்சினை இல்லை என்று நினைக்கும் பண்ணைகளை நான் நிறையப் பார்க்கிறேன். சாவு வராத இரவுகளிலும் மீன் மூச்சுக்குத் தவித்துக்கொண்டுதான் இருந்திருக்கும்.

மீனின் கழிவில் இருந்து வரும் அமோனியா மத்தியானத்துப் பிரச்சினை. பாசி வேகமாக வேலை செய்யும் வெயில் நேரத்தில் தண்ணீரின் பி.எச். (அமில, காரத் தன்மையின் அளவு) ஏறும். 30 பாகையில் பி.எச். 7 என்றால் மொத்த அமோனியாவில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவுதான் நச்சு வடிவத்தில் இருக்கும். 8 என்றால் ஏழெட்டுப் பங்கு. 9 என்றால் நாற்பதுக்கு மேல். ஒரே தண்ணீர், ஒரே கழிவு, காலையில் பாதுகாப்பு, மத்தியானம் செவுளை எரிக்கிறது. யாழ்ப்பாணத்தில் சுண்ணாம்புக்கல் நிலம், கிணற்றுத் தண்ணீரே பெரும்பாலும் காரப் பக்கம். ஆகவே தீனியை அள்ளிக் கொட்டாதீர்கள். தின்னாமல் அடியில் படிந்த தீனி ஒவ்வொன்றும் அடுத்த நாள் அமோனியா.

அளக்கும் கருவி விலைதான், ஆனால் நாலைந்து பண்ணைகள் சேர்ந்து ஓர் ஒட்சிசன் மீற்றர் வாங்கலாம். வெப்பமானியும் பி.எச். தாளும் எல்லோராலும் முடியும். விடியற்காலையிலும் மத்தியானத்திலும் அளந்து ஒரு கொப்பியில் எழுதுங்கள். சில வாரங்களில் உங்கள் குளம் எத்தனை மீனைத் தாங்கும் என்று குளமே சொல்லிவிடும். அந்த அளவோடு குஞ்சு விடுவதுதான் மீனுக்குச் செய்யும் முதல் நன்மை. குஞ்சு கூட விட்டால் இலாபம் கூடும் என்ற எண்ணம் 1996இல் புத்தளம் பக்கத்து இறால் பண்ணைகளில் வெண்புள்ளி நோய் பரவியபோது எப்படி முடிந்தது என்று தொழிலில் உள்ளவர்களுக்குத் தெரியும். நெருக்கமான குளங்கள், ஒன்றின் கழிவுநீரை மற்றது இழுத்துக்கொள்ளும் வாய்க்கால், நோய் ஓடுவதற்கு அதைவிட என்ன வேண்டும்.

---

சங்குப்பிட்டி

ஏரேற்றர் (குளத்துத் தண்ணீருக்குக் காற்றூட்டும் இயந்திரம்) வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. 2022 மார்ச்சில் கரண்ட் பதின்மூன்று மணி நேரம் போன நாட்களை மறக்க வேண்டாம். ஏரேற்றரை நம்பிக் குஞ்சு நெருக்கமாக விட்டவருக்கு கரண்ட் போனால் ஓரிரு மணி நேரத்தில் குளம் முழுக்கப் போகும். சோலார் போட்டாலும் மின்கலம் இல்லாமல் இரவுக்கு உதவாது. டீசல் பம்ப் ஒன்று தயாராக இருக்கட்டும், தண்ணீரை உயரத்தில் இருந்து சிதறி விழவைத்தாலே கொஞ்சம் ஒட்சிசன் ஏறும். என் கணக்கில், ஏரேற்றர் இல்லாமலே தாங்கும் அளவுக்குத்தான் குஞ்சு விட வேண்டும். ஏரேற்றர் ஆபத்துக்கு மட்டும்.

---

பூநகரியான்

மீன் பற்றி இவ்வளவு பேசுகிறீர்கள், கடலட்டைப் பண்ணைகள் பற்றி யாரும் பேசவில்லையே? பரவைக்கடலை வேலி போட்டு அடைத்ததில் சிறகுவலைக்காரருக்கு இடம் போனது. அட்டைக்கு நோகாதா?

---

மட்டுறுத்துநர்

பூநகரியான், பரவைக்கடல் இட உரிமை முக்கியமான விசயம். அதற்குத் தனி இழை ஏற்கெனவே நடக்கிறது, அங்கே எழுதுங்கள். இங்கே வளர்ப்பு உயிரினங்களின் நலம் மட்டும்.

---

நெய்தல்_கரை

அட்டையின் நலம் பற்றி மட்டும் ஒரு வரி. மீனுக்கு உள்ளது போல மூளை அதற்கு இல்லை, நோவு பற்றிய சான்றும் அந்த அளவுக்கு இல்லை. ஆனால் நெருக்கினாலோ முரட்டுத்தனமாகக் கையாண்டாலோ குடலை வெளியே தள்ளிவிடும். சேற்றில் புதைந்து மேய இடம் வேண்டும். அதைக் கொடுக்காத பண்ணையில் அட்டை வளர்வதும் இல்லை.

---

சட்டம்_படிக்கிறேன்

ஒரு விசயத்தை எல்லோரும் கவனிக்க வேண்டும். இலங்கையில் 1907ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க, விலங்குகளுக்குக் கொடுமை செய்வதைத் தடுக்கும் கட்டளைச் சட்டம் இருக்கிறது. அதில் விலங்கு என்பதற்குக் கொடுத்த வரைவிலக்கணத்தில், அடைத்து வைக்கப்பட்ட பறவை, மீன், ஊர்வன ஆகியவையும் அடங்கும். கடலில் நீந்தும் மீன் அதில் வராது. குளத்தில் அடைத்து வளர்க்கும் மீன் வரும் என்றுதான் நான் வாசிக்கிறேன். அதாவது தீவகத்தான் அண்ணை கேட்ட கேள்விக்கு, ஏட்டில் நூறு வருடத்துக்கு மேலாக ஓர் அடித்தளம் இருக்கிறது.

ஆனால் அந்தச் சட்டத்தின் தண்டப்பணம் நூறு ரூபாய் அளவில் நின்றது. 2006இல் சட்ட ஆணைக்குழு புதிய விலங்கு நலச் சட்டம் ஒன்றை வரைந்து கொடுத்தது, அது பல ஆண்டுகள் இழுபட்டது. ஒப்பிட்டுப் பார்க்க: பிரித்தானியாவின் 2006ஆம் ஆண்டுச் சட்டம் மனிதரின் கட்டுப்பாட்டில் இருக்கும் முதுகெலும்புள்ள விலங்குகளை, பண்ணை மீன் உட்பட, பாதுகாக்கிறது. நோர்வேயின் 2009ஆம் ஆண்டுச் சட்டமும் மீனைச் சேர்த்திருக்கிறது.

என் யோசனை, வழக்குப் போடுவதை நம்பி இருக்கக்கூடாது. 1996ஆம் ஆண்டின் கடற்றொழில் சட்டப்படி மீன்வளர்ப்புக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். 1998ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான தேசிய நீருயிரினவளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபை, நாங்கள் நக்டா என்று சொல்வது, பண்ணைக்காரருக்குப் பயிற்சி கொடுக்கிறது. ஒட்சிசன் அளவு, குஞ்சு நெருக்கம், கொல்லும் முறை ஆகியவை அந்தப் பயிற்சிக்குள்ளும் அனுமதிப்பத்திர நிபந்தனைக்குள்ளும் வந்தால் போதும். பண்ணைகள் இன்னும் குறைவாக இருக்கும் வடக்கில் இதைச் செய்வது, பெருகிய பிறகு செய்வதைவிட எத்தனையோ மடங்கு இலகு.

---

களங்கட்டி

சட்டம் வரட்டும், நல்லது. ஆனால் அபராதமாக வரக்கூடாது. பொல்லோடும் மீற்றரோடும் இருக்கச் சொல்லிவிட்டு, சந்தையில் அதே விலைக்கு வாங்கினால் சின்னவன் விட்டுவிட்டுப் போவான், பெரிய கம்பனிதான் மிஞ்சும். பாசையூர்ச் சந்தையில் ஏலம் கூறும்போது எப்படிக் கொன்ற மீன் என்று யார் கேட்கிறார்? நாள் முழுக்க இறுகின தசையோடு இருக்கும் என்று சொன்னால் ஹோட்டல்காரர் கேட்பார். அந்தப் பக்கத்தால் போய்ப் பாரும் தம்பி.

எனக்கும் ஒன்று தோன்றுகிறது. கரைவலையில், விடுவலையில் எங்களால் இதெல்லாம் செய்ய முடியாது. உங்களால் முடியும், ஏனென்றால் மீன் உங்கள் கைக்குள் இருக்கிறது. முடிகிறவர் செய்ய வேண்டியதுதான்.

---

வடமராட்சி_வாசகி

ஐயாவின் கடைசி வரிக்கு நன்றி. நான் என் கருத்தை மாற்றவில்லை, வளர்ப்புக் குறைய வேண்டும் என்றுதான் இன்னும் நினைக்கிறேன். ஆனால் இன்றைக்குக் குளத்தில் இருக்கும் மீனுக்கு என் கருத்தால் ஒரு பயனும் இல்லை, அந்த மூன்று மணி ஒட்சிசனால் பயன் உண்டு. நாலைந்து பண்ணைகள் சேர்ந்து மீற்றர் வாங்குவதாக இருந்தால் என் பங்காகவும் கொஞ்சம் தருகிறேன். மட்டுறுத்துநர் அனுமதித்தால் தீவகத்தானுக்குத் தனிமடல் போடுகிறேன்.

---

தீவகத்தான்

அக்கா, என்ன சொல்வதென்று தெரியவில்லை. மிக்க நன்றி. மாமாவிடம் இந்த இழையை வாசித்துக் காட்டினேன். பகுதி பகுதியாகப் பிடிப்பதற்குச் சம்மதித்துவிட்டார், ஹோட்டல் ஒன்றோடும் பேசப் போகிறார்.

நெய்தல்_கரை அக்காவிடம் இன்னும் ஒரு கேள்வி. கொடுவாக் குஞ்சு ஒன்றை ஒன்று தின்கிறது. வால் கடிபட்ட குஞ்சுகளும் நிறைய. தீனி கூட்டியும் நிற்கவில்லை. இன்னொன்று, வாங்கும் குஞ்சு வரும்போது பையில் பாதி மயங்கிய நிலையில் வருகிறது, அதற்கும் வழி சொல்லுங்கள்.

---

நெய்தல்_கரை

தின்பது பசியால் மட்டும் இல்லை, அளவு வித்தியாசத்தால். கொடுவாக் குஞ்சு தன் நீளத்தில் பாதிக்கும் மேலான மீனையே விழுங்கப் பார்க்கும், முடியாவிட்டால் வாலைக் கடித்துக் காயப்படுத்தும். விரல் நீளம் வரும்வரை வாரத்துக்கு ஒருமுறையாவது அளவு பார்த்துப் பிரித்து, பெரியதைத் தனித் தொட்டியில் விடுங்கள். பிரிக்கும் வேலையே குஞ்சுக்கு வதைதான், அதனால் விடியலில், வெயில் ஏறுமுன், முடிச்சில்லாத மெல்லிய வலையால், தண்ணீரோடு சேர்த்து அள்ளிச் செய்யுங்கள். கை ஈரமாக இருக்கட்டும். காய்ந்த கை பட்டால் உடம்பின் வழுவழுப்புப் போய் அந்த இடத்தால்தான் நோய் ஏறும். தீனியை ஒரே இடத்தில் போடாமல் தொட்டி முழுக்கச் சிதறி, ஒரு நாளில் பல தடவை கொடுங்கள், பலம் குறைந்ததுக்கும் கிடைக்கும்.

பையில் மயங்கி வருவதற்குக் காரணம் பெரும்பாலும் நெருக்கமும் சூடும். பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மிச்சம் ஒட்சிசன். ஏற்றுவதற்கு முந்தைய நாள் தீனி நிறுத்தியிருக்க வேண்டும் என்று விற்பவரிடம் கேட்டு உறுதிப்படுத்துங்கள். இரவுப் பயணம், ரெஜிபோம் பெட்டிக்குள் பை. தூரப் பயணத்துக்குக் கராம்பு எண்ணெயை மிகச் சிறிய அளவில் கலந்து மீனைச் சாந்தப்படுத்தும் முறை உண்டு, ஆனால் அளவு கூடினால் குஞ்சு எழும்பாது. பழகியவர் பக்கத்தில் இல்லாமல் செய்ய வேண்டாம், விற்பனைக்குப் பிடிக்கும் மீனில் வேண்டவே வேண்டாம். வந்ததும் பையைத் திறந்து கொட்டிவிடாதீர்கள். மூடிய பையைக் குளத்தில் மிதக்க விட்டு வெப்பத்தைச் சமப்படுத்துங்கள், பிறகு குளத்துத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் சேர்த்து, குஞ்சு தானாக நீந்தி வெளியே வரும்வரை பொறுங்கள். உப்பு வித்தியாசம் பெரிதாக இருந்தால் அதற்கு இன்னும் கூடுதல் நேரம் எடுக்க வேண்டும்.

உங்கள் குளத்தின் உப்பு எவ்வளவு, குஞ்சு வரும் இடத்தின் உப்பு எவ்வளவு என்று அளந்து எழுதினால் எத்தனை மணி நேரம் என்று கணக்குப் போட்டுத் தருகிறேன்.